ஒரே தோட்டத்தில் இரு பணியாளர்

மறைநூலைத் திறப்போருக்கு முதல் ஏடுகளிலேயே எதிர்ப்படுவது ஒரு தோட்டம். இறைவன் மனிதனைப் படைத்து, அரண்மனையிலோ ஆலயத்திலோ அமர்த்தாமல், ஏதேன் தோட்டத்தில் அமர்த்தினார். அதனைப் பண்படுத்தவும் காக்கவும் பணித்தார். மீட்பின் வரலாறும் தோட்டத்தை விட்டு அகன்றுவிடவில்லை. நம் ஆண்டவர் தம் பாடுகளின் இரவிலே செபிக்கச் சென்ற இடம் ஒரு தோட்டம். அவரை அடக்கம் செய்த புதுக் கல்லறையும் ஒரு தோட்டத்தில் இருந்ததாக அருளப்பர் எழுதுகிறார். உயிர்த்த ஞாயிறன்று அழுதுகொண்டு நின்ற மகதலா மரியம்மாள், எதிரே நின்ற ஆண்டவரைக் கண்டு, தோட்டக்காரர் என்றே எண்ணினாள். அவ்வெண்ணத்தை முற்றிலும் பிழை என்று தள்ளிவிட முடியுமோ?

இத்துணைச் சிறப்பு வாய்ந்த தோட்டப் பணி நம் நகரக் குடும்பங்களில் அருகிவிட்டது. சென்னை போன்ற மாநகரில் வீடு கட்டுவோர், வீட்டின் பின்புறத்தில் எஞ்சும் நான்கு முழ நிலத்தையும் சிமெண்டுத் தளமாக்கிவிடுகின்றனர். சேறு சேராது, புல் முளைக்காது, பெருக்கித் தள்ள எளிது என்பர். உண்மைதான். ஆனால் அத்தளத்தின்மேல் விழும் மழைநீர் நிலத்துக்குள் இறங்க வழியின்றித் தெருச் சாக்கடைக்கு ஓடுகிறது. மழைநீர் சேகரிப்பு அமைப்பு ஒவ்வொரு கட்டடத்திலும் இருத்தல் வேண்டும் என 2003ஆம் ஆண்டிலே நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. ஆயினும் 2019ஆம் ஆண்டுக் கோடையில் செங்குன்றம், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, சென்னை மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிக்காகக் காத்து நின்றதை நாம் மறக்கவில்லை.

எனினும் நிலத்தடி நீரைப் பற்றி எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சிமெண்டுத் தளம் ஒன்று உடைந்த இடத்தில் ஓர் இல்லறம் எவ்வாறு மீண்டும் துளிர்த்தது என்பதையே இக்குடும்ப இதழின் வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம். தம்பதியர் இருவரிடமும் அனுமதி பெற்றே எழுதுகிறோம். "பெயர் மட்டும் வேண்டாம், சாமி, மற்றதெல்லாம் எழுதுங்கள், யாருக்காவது உதவட்டும்" என்றனர்.

கணவர் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்து, மேற்பார்வையாளராக உயர்ந்து, 2021ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். அம்மையார் ஒரு தையற்காரரின் மகள். இருவரும் நகரத்திலேயே பிறந்து நகரத்திலேயே வளர்ந்தவர்கள். வயல் வரப்பை இரயில் வண்டியின் சன்னல் வழியாகக் கண்டதன்றி வேறறியாதவர்கள். மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறார். மகள் மணமாகிப் பெங்களூருவில் வாழ்கிறார். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவோர். அன்பியக் கூட்டங்களில் முன்னிற்போர். வெளியிலிருந்து நோக்குவோர், இவர்களுக்கு என்ன குறை என்றே கேட்பர்.

2022ஆம் ஆண்டு சூன் திங்களில் ஒரு நாள் அம்மையார் பங்கு இல்லத்துக்கு வந்தார். வெகு நேரம் பேசாதிருந்து, பின்னர் கூறினார்: "சாமி, அவர் வேலைக்குப் போன காலத்தில் எங்களுக்குள் சண்டை கிடையாது; ஏனென்றால் பேச்சே கிடையாது. இப்போது நாள் முழுவதும் வீட்டில் இருக்கிறார். அரிசி எவ்வளவு போட வேண்டும், விளக்கை எப்போது அணைக்க வேண்டும், பாத்திரத்தை எந்த வரிசையில் அடுக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் சட்டம். முப்பத்து நான்கு வருடமாக நான் நடத்திய வீடு இது. மகள் வீட்டுக்கே போய்விடலாமென்று இருக்கிறேன்."

சில நாட்களுக்குப் பின் கணவரும் வந்தார். மனைவி வந்து சென்றதை அவர் அறியார். "ஓய்வு பெற்றபின் அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது ஒரு நாற்காலி மட்டுந்தான், சாமி. எதைத் தொட்டாலும் குற்றம். எனக்கு வேலை செய்யத்தான் தெரியும், சும்மா இருக்கத் தெரியாது" என்றார். இருவர் கூற்றிலும் பொய்யில்லை. இருவரும் நல்லவர்கள். நல்லவர்கள் இருவர் ஒரு கூரையின்கீழ் இத்துணைத் தனிமையில் வாழ இயலும் என்பதைப் பங்குப் பணியில் இருப்போர் நன்கு அறிவர்.

படைப்பின் பராமரிப்புக்காகச் செபிக்கும் நாளாகச் செப்டம்பர் முதல் நாளைக் கத்தோலிக்கத் திருச்சபைக்கென 2015ஆம் ஆண்டில் ஏற்படுத்தியவர் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ். அதனையொட்டி நமது பங்கின் இளைஞர்கள், 2022 செப்டம்பர் 4, ஞாயிறு பூசைக்குப் பின் குடும்பத்துக்கு ஒரு விதைப் பொட்டலம் வழங்கினர். கீரை, வெண்டை, கத்தரி, பரங்கி என நான்கு வகை. பலரும் வாங்கிச் சென்றனர். பலர் இல்லத்திலும் அது மேசை இழுப்பறைக்குள் உறங்கிற்று. நம் தம்பதியர் வீட்டில் அது வீட்டுப் பீடத்தில், சூசையப்பர் சுரூபத்தின் அருகே கிடந்தது. விதைப்பதற்கு அவ்வீட்டில் ஓரடி மண்ணும் இல்லை.

அடுத்த வாரத்திலே அவர்களது கழிவுநீர்க் குழாய் ஒன்று பின்புறத் தளத்தின் அடியில் உடைந்தது. பழுது பார்க்க வந்தவர் பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலத்துக்குத் தளத்தைப் பெயர்த்துப் போட்டார். குழாயைச் சரி செய்தபின், மறுபடி சிமெண்டு பூசிவிடலாம் என்றார் கணவர். "பூச வேண்டாம். அந்த விதையைப் போட்டுப் பார்க்கலாம்" என்றார் அம்மையார். இதிலும் ஒரு வாக்குவாதம் எழுந்தது. ஆனால் நெடுநாளைக்குப் பின், ஒருவர் மற்றவருடைய குணத்தைப் பற்றியல்லாமல் வேறொரு பொருளைப் பற்றி வாதாடினர் என்பதை ஈண்டு வாசகர் கவனித்தல் நலம். முடிவில், சிமெண்டு விலையைக் கணக்கிட்டுப் பார்த்த கணவர், மழைக்காலம் முடியும்வரை பொறுப்போம் என்று இசைந்தார்.

புரட்டாசியில் விதைத்தனர். நான்காம் நாள் கீரை முளைத்தது. அம்மையாரின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. கணவரும் ஒருவருமறியாமல் விடியலில் எழுந்து சென்று பார்த்துவந்தார். இரண்டு வாரம் ஆவதற்குள் நாற்றுகள் தண்டின் அடியில் நீர்கோத்ததுபோல் கறுத்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. ஏனென்று இருவருக்கும் விளங்கவில்லை.

நாள்தோறும் அத்தெருவில் கீரை விற்கவரும் ஒரு தாயார் இருக்கிறார். செங்குன்றத்துக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டு வருபவர். அம்மையார் அவரைப் பின்புறத்துக்கு அழைத்துவந்து காட்டினார். அவர் குனிந்து மண்ணை விரலால் அழுத்தினார். விரல் சேற்றில் இறங்குவதுபோல் இறங்கிற்று. நிமிர்ந்து, "இதுக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்று கேட்டார்.

"நான்" என்றார் அம்மையார். "நான்" என்றார் கதவருகே நின்ற கணவர்.

விடியலில் ஒருவர், அடுப்பு வேலை முடிந்தபின் மற்றவர், மாலையில் மறுபடியும் இருவர். ஒருவர் ஊற்றியதை மற்றவரிடம் சொல்லவில்லை. சொல்லும் வழக்கமே அவ்வீட்டில் இல்லை. நாற்று வாடியது போல் தோன்றத் தோன்ற இருவரும் இன்னும் அதிகமாய் ஊற்றினர். ஈரம் மிகுந்த மண்ணில் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. காற்றில்லாத வேர் நீரையும் உறிஞ்ச மாட்டாது; நாற்றழுகலை உண்டாக்கும் பூசணமும் அவ்வீரத்தில் பெருகும். "தண்ணி கொறைஞ்சு செத்த செடியவிட, கூடிப்போய்ச் செத்த செடிதான் அதிகம், ஐயா" என்று சொல்லிவிட்டு அத்தாயார் தம் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இச்செய்தியைக் கணவர் நம்மிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நமக்கோ அதனைக் கேட்டபின் வெகு நேரம் வேறு நினைவு ஓடவில்லை. நம் குடும்பங்களில் அன்பு குறைவதால் வாடும் உறவுகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பேசிக்கொள்ளாத அன்பால் அழுகும் உறவுகள் எத்தனை! தந்தை தம் போக்கில் மகனுக்கு நன்மை செய்கிறார். தாய் தம் போக்கில் செய்கிறார். கணவன் மனைவிக்கு எது வேண்டும் எனக் கேளாமலே அவளுக்காக உழைத்து ஓய்கிறான், மனைவியும் அவ்வாறே. அன்பு இருக்கிறது, குறைவில்லாமல் இருக்கிறது. "ஊற்றியாயிற்றா?" என்னும் ஒரு சொல்தான் இல்லை.

அன்றுமுதல் அவ்வில்லத்தில் நாளின் முதற் பேச்சு அதுவேயாயிற்று. "ஊற்றியாயிற்றா?" "இல்லை, நீங்கள் ஊற்றுங்கள்." கீரைத் தாயார் கற்றுத் தந்தபடி, விரலை ஒரு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டு, ஈரம் தட்டினால் விட்டுவிடுவது, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவது என வழக்கப்படுத்திக்கொண்டனர்.

ஆயினும், ஒரே பாடத்தில் எவரும் தேர்ந்துவிடுவதில்லை. நாற்றங்காலைச் சீர் செய்து மார்கழியில் கத்தரி விதைத்தனர். அதற்குள் கணவரின் பழைய தொழிற்சாலைப் பழக்கம் தோட்டத்துக்குள்ளும் புகுந்துவிட்டது. பின்சுவரில் ஓர் அட்டவணை தொங்கிற்று. எந்நாளில் எவ்வேலை, எத்தனைக் குவளை நீர் எனக் கட்டம் கட்டமாக எழுதியிருந்தார். அம்மையார் அரிசி கழுவிய நீரை ஊற்றியது ஒரு குற்றம். தொட்டியை நிழலுக்கு நகர்த்தியது மற்றொரு குற்றம். 2023 பொங்கல் விடுமுறை முடிந்ததும் அவர் இரண்டு பெட்டிகளுடன் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். வழியில் ஆலயத்தில் நின்று செபித்துவிட்டுச் சென்றார். திரும்பும் நாளை அவர் சொல்லவில்லை, நாம் கேட்கவுமில்லை.

ஒன்பதாம் நாள் கணவர் பெங்களூருவுக்குத் தொலைபேசியில் பேசினார். வா என்று அழைக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவ்வகைச் சொற்கள் அவருக்குப் பழக்கமில்லாதவை. "கத்தரி நாற்றில் ஐந்து இலை வந்துவிட்டது. எடுத்து நடலாமா, இன்னும் சில நாள் விடலாமா? நீ சொல்" என்று கேட்டார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பின்னர், "வெயில் நேரத்தில் எடுக்காதீர்கள். வெள்ளிக்கிழமை வந்துவிடுகிறேன். சாயங்காலமாக நடலாம்" என்றார் அம்மையார்.

மணவாழ்வின் முப்பத்தைந்தாம் ஆண்டில், கணவர் தம்மிடம் விடை தெரியாமல் கேட்ட முதற் கேள்வி அதுவே என்று அம்மையார் பின்னொரு நாள் நம்மிடம் கூறினார். அதற்கு முன் அவர் கேட்டவையெல்லாம் கணக்குக் கேட்கும் கேள்விகள். நாற்றுக்காகவே திரும்பி வந்ததாக அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டார். நாற்றுக்காகத்தான் வந்தார் என்று நாமும் எழுதிவைக்கிறோம்.

நட்ட கத்தரி உயிர் பிடித்தது, ஆனால் தழைக்கவில்லை. இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாய் நின்றது. தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வீடு கட்டிய காலத்துச் செங்கல் துண்டும், சுண்ணாம்புக் காரையும், சிமெண்டுக் கட்டியும் ஒன்றரை அடி ஆழத்துக்கு நிரம்பியிருந்தன. அத்தகைய மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்கு எட்டாமற் போகும். மேலே எத்துணை உரமிட்டாலும் அடியில் கிடப்பதை எடுத்தாலன்றிப் பயனில்லை.

அந்தக் கோடை முழுவதும் இருவரும் மாலைதோறும் தோண்டினர். அவர் கடப்பாரையால் நெம்புவார். அம்மையார் இரும்புச் சட்டியில் அள்ளிச் சலித்து, கல்லை ஒருபுறமும் மண்ணை ஒருபுறமும் கொட்டுவார். தோண்டும்போது பழைய காலத்துச் செய்திகளும் மேலே வந்தன. வீடு கட்டியபோது வாங்கிய கடன். அக்கடனுக்காக விற்ற அம்மையாரின் வளையல்கள். அவற்றை மீட்டுத் தருவதாகச் சொன்ன வாக்கு. இருபத்தெட்டு ஆண்டுகளாக எவரும் வாய்திறவாத செய்தி அது. அன்று அம்மையார் அழுதார். கணவர் கடப்பாரையை வைத்துவிட்டு அருகில் அமர்ந்தார். மறுவாரம் அவர் வளையல் வாங்கி வந்ததாகவோ, எல்லாம் தீர்ந்ததாகவோ நாம் எழுதப்போவதில்லை, அவ்வாறு நிகழவில்லை. பேசப்பட்டது என்பதே செய்தி. அடியில் கிடந்தது மேலே வந்தது.

குழியில் செம்மண்ணும், நன்கு மக்கிய சாணமும், தென்னை நார்க்கழிவும் கலந்து நிரப்பினர். காய்கறித் தோலையும் உலர்ந்த சருகையும் மாற்றி மாற்றி அடுக்கி, துளையிட்ட மண்பானையில் மக்கவைத்தனர். பிழிந்த துணியின் ஈரம் இருந்தால் போதும். அதற்கு மேற்பட்டால் நாறும், குறைந்தால் மக்காது. இரண்டு மூன்று திங்களில் கறுத்த உரமாகி, மழை பெய்த மண்போல் மணத்தது. கழிவு உரமாவதைத் தம் கையாலே கண்டபோது, வீட்டுக்குள் தாம் எறிந்த சொற்களும் இவ்வாறு மக்கி ஏதேனும் பயன் தருமா என்று கணவர் கேட்டார். பொறுமையும் காலமும் இருந்தால் தரும் என்று விடை கூறினோம்.

ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் நம் முன்னோர். 2023 ஆடியில் விதைத்த வெண்டை, நாற்பத்தைந்து நாளில் காய்த்தது. பரங்கிக் கொடி சுவரேறி மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்தது. ஒரு பூவும் காயாகவில்லை. மறுபடியும் கீரைத் தாயாரே ஆசிரியையானார். பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் ஆண் பூக்களே வந்து உதிரும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பின்னர் வரும் பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு போன்ற உருண்டை இருக்கும். தேனீ வராத சந்து வீடுகளில், விடியலில் பூ விரிந்திருக்கும்போதே ஆண் பூவைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவ வேண்டும். வெயில் ஏறினால் பூ கூம்பிவிடும்.

முப்பத்தாறு ஆண்டுகள் இயந்திரங்களையும் மனிதர்களையும் அதட்டி வேலை வாங்கிய அக்கைகள், காலைப் பூசைக்குப் புறப்படுமுன் ஒரு பூவை ஏந்தி நின்றன. அம்மையார் இலைகளை விலக்கிப் பிடித்தார். அவ்வாண்டு நான்கு காய்கள் திரண்டன. ஒன்றைத் திருப்பலியில் காணிக்கையாகக் கொணர்ந்தனர். ஒன்று கீரைத் தாயாருக்குச் சென்றது.

அதே ஆண்டு டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையை மூழ்கடித்ததை வாசகர் அறிவர். நம் பங்கின் தெருக்களிலும் நீர் புகுந்தது. அவ்வீட்டின் பின்புறத்தில் மூன்று நாட்கள் முழங்காலளவு நீர் நின்றது, சாக்கடையும் கலந்திருந்தது. நீர் வடிந்தபின் நிவாரணப் பொருளுடன் தெருத்தெருவாகச் சென்ற நாம் அவ்வீட்டுக்கும் சென்றோம். வெண்டை, கத்தரி, கொடி யாவும் கறுத்துச் சரிந்து, சேறு பூசிக் கிடந்தன. கணவர் பின்படியில் அமர்ந்திருந்தார். "ஒன்றரை வருட உழைப்பு, சாமி" என்றார். அதற்குமேல் குரல் எழவில்லை. அவர் கலங்கி நாம் கண்டது அன்றுதான்.

அம்மையார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியுடன் நின்றார். "செடிதானே போயிற்று, மண் இங்கேதானே இருக்கிறது" என்றார். சாக்கடை நீர் பட்டதை உண்ணலாகாது என்று எஞ்சிய கீரையையும் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தினார். சேற்றை வழித்தெடுத்து, மண்ணைக் கிளறி, வெயிலில் நன்கு காயவிட்டு, புது உரம் கலந்து, பல வாரங்கள் பொறுத்திருந்த பின்னரே மறுபடி விதைத்தனர். இம்முறை வழிநடத்தியவர் அம்மையார். சட்டி சுமந்தவர் கணவர். சுவரில் தொங்கிய அட்டவணையை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. புதிதாய் எவரும் எழுதவில்லை.

வெள்ளத்துக்குப் பின் அந்நிலத்தின் ஒரு மூலையில், எவரும் விதைக்காத செடிகள் முளைத்தன. குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை, பறவை எச்சத்தில் வந்த மணத்தக்காளி ஆகியவை. களையென்று பிடுங்கக் கை நீட்டிய கணவர், நின்று, "இருக்கட்டுமா?" என்று கேட்டார். "இருக்கட்டும்" என்றார் அம்மையார். இதனைக் கேட்டபோது நமக்கு அசிசி நகர்ப் புனிதர், ஐந்து காயப் பிரான்சிஸ் நினைவுக்கு வந்தார். துறவு இல்லத் தோட்டத்தில் ஒரு பகுதியை உழாமல் விட்டுவிடும்படி அவர் தம் சகோதரர்களுக்குச் சொல்லியிருந்தார்; காட்டுப் பூக்களும் புல்பூண்டுகளும் தம் விருப்பப்படி அங்கே வளரவேண்டும் என்பது அவர் எண்ணம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு, படைப்பைப் பேணுவது குறித்து எழுதிய சுற்றுமடலில் இச்செய்தியை எடுத்துக் கூறுகிறார்.

இல்லறத்திலும் அத்தகைய மூலை ஒன்று வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. கணவன் மனைவியை முழுவதும் திருத்திப் பயிரிட்டுவிட முயல்கிறான். மனைவியும் கணவனை அவ்வாறே. ஒருவரிடம் மற்றவருக்கு விளங்காத விருப்பம், பயனற்றதாய்த் தோன்றும் பழக்கம், தனிமையில் செபிக்கும் நேரம், பழைய நட்பு எனச் சில இருக்கும். பாவமல்லாத எதனையும் அவ்வளவு விரைந்து களையென்று பிடுங்குதல் தகாது. அதனை வளர்ப்பவர் வேறொருவராக இருக்கக்கூடும்.

புனித சின்னப்பர் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய முதல் திருமுகத்தில், தாம் நட்டதாகவும் அப்பொல்லோ நீர் ஊற்றியதாகவும், விளையச் செய்தவரோ கடவுளே எனவும் கூறுகிறார். அவர் அதனைத் திருச்சபையின் பணியாளர்களைப் பற்றி எழுதினார்; குடும்பம் என்னும் சிறு திருச்சபைக்கும் அது பொருந்தும். நம் இல்லங்களில் எழும் பிணக்குகளுக்கு வேர், ஒருவர் தம்மைத் தோட்டக்காரராகவும் மற்றவரைச் செடியாகவும் எண்ணிக்கொள்வதே. பலிபீடத்தின் முன் கரம்பற்றி வாக்களித்த இருவரும் ஒரே தோட்டத்தில் அருகருகே நிற்கும் பணியாளர்கள். தோட்டம் இருவருக்கும் உரியதன்று. அதன் தலைவர் வேறு. அவர்முன் இருவரும் கற்றுக்கொள்பவர்களே. தெரியாதவர்களாய் இருவரும் சேர்ந்து நின்ற அந்நாளில்தான் நம் தம்பதியர் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர்.

அன்புக் குடும்பங்களே! தோட்டம் போட்டால் எல்லாப் பிணக்கும் தீரும் என்று நாம் கூறவில்லை. அடியும் உதையும் அச்சமும் நிறைந்த இல்லத்துக்கு வேண்டியது விதைப் பொட்டலம் அன்று. பாதுகாப்பும் துணையும் நீதியுமே. ஆனால் பெரும்பாலான இல்லங்களில் குறைவது நற்குணமன்று. இருவரும் சேர்ந்து குனிந்து நோக்க ஒரு பொருள் இல்லாமையே. ஓய்வு பெற்றோர், பிள்ளைகள் வெளியூர் சென்றபின் வெறிச்சோடிய வீட்டில் இருப்போர், இதனைச் சிந்தித்தல் நலம். பின்புறம் இல்லையெனில் மாடியும், மாடியில்லையெனில் சன்னலோரத்து இரண்டு தொட்டிகளும் போதும். தொட்டியின் அடியில் நீர் வடிய ஒரு துளை இருக்கட்டும். முதலில் கீரை விதையுங்கள். முளைக்கீரை ஒரு திங்களுக்குள் உண்ணக் கிடைக்கும். தெரியாததை அறிந்தவரிடம் கேளுங்கள். அவர் தலையில் கூடையுடன் உங்கள் தெருவிலேயே வரலாம். ஒருவர் ஊற்றுமுன் மற்றவரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்ன தலைவனிடம், இன்னும் ஓராண்டு விட்டுவைக்குமாறு மன்றாடி, சுற்றிலும் கொத்தி எருவிட முன்வந்த ஒரு தோட்டத் தொழிலாளியை நம் ஆண்டவர் உவமையில் காட்டுகிறார். வெட்டிவிடலாம் என்று உங்களில் எவரேனும் எண்ணிக்கொண்டிருக்கும் உறவுக்கு அந்த ஓராண்டை அளியுங்கள். மண்ணைக் கிளறும் கையும், எருச் சுமக்கும் பொறுமையும் உங்களுக்கு அருளப்படுமாக. நாசரேத்தூர்த் திருக்குடும்பம் உங்கள் இல்லங்களைக் காப்பதாக.